மாப்பிள்ளைத் தண்டு

அம்மிக்கல் மறுபடியும் பல்லக்கிலிருந்து உருண்டு களத்து மண்ணில் தொம்மென்று விழுந்தது. இந்தத் தடவை, பின்னால் தூக்கியிருந்த துரைக்கண்ணுவின் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி.

"அம்மனா இருந்தா இந்நேரம் என்னா ஆயிருக்கும்?" என்று முன்னால் தூக்கியிருந்த ராஜவேலு கத்தினான். "மூக்கு போயிருக்கும், மூக்கு!"

துளசிங்கம் பல்லக்குத் தண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, விழுந்து கிடந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மன் எடைக்கு ஒரு அம்மிக்கல்லைப் பல்லக்கில் கட்டாமல் வைத்துக் களத்தைச் சுற்றி வருவது அந்தத் தெரு வழக்கம். கல் அசையாமல் வந்தால், ஆடிக் கடைசி வெள்ளியன்று அம்மனும் அசையாமல் வருவாள். கல் உருண்டால், தண்டு தூக்குகிற நாலு பேரில் எவனோ ஒருவன் கால் சரியில்லை என்று அர்த்தம்.

யார் கால் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பம்பை அடிக்கிற தேசப்பனுக்குத் தெரியும். களத்து ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் ஒருத்தர் வாயிலிருந்தும் அது வராது, வரவும் கூடாது. ஏனென்றால் பின்னால் இடது தண்டைத் தூக்கியிருந்தவர் துளசிங்கத்தின் தங்கை அம்சாவைக் கட்டியவர். பாவா ராஜமாணிக்கம்.

"என்னா மச்சான், கல்லு வழுக்குதா?" என்று பாவா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆங், கல்லுதான் பாவா. கல்லுதான் சரியில்ல."

"போன வருசமும் இதே கல்லுதானே..." என்று துரைக்கண்ணு ஆரம்பித்தான். துளசிங்கம் அவன் காலை ஒரு மிதி மிதித்தான். துரைக்கண்ணு மீதியை விழுங்கிக்கொண்டான்.

அந்தப் பக்கத்தில் தங்கை புருஷன் என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. பந்தியில் முதல் இலை அவருக்கு. அவர் உட்காரும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். அவர் ஒரு தப்புச் செய்தால் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். பார்த்துத் தொலைத்துவிட்டால், நாம் செய்த தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். துளசிங்கத்தின் சித்தப்பா ஒருவர் விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்து, "கொஞ்சம் இளைச்சுட்டீங்களே" என்று அக்கறையாகத்தான் கேட்டார். அந்த மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு போனவர்தான். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

தண்டு விஷயத்திலும் அப்படித்தான். பின்னால் இடது பக்கத்துக்கு மாப்பிள்ளைத் தண்டு என்றே பெயர். தண்டு உரிமை உள்ள வீட்டுப் பெண்ணைக் கட்டியவர்தான் அதைத் தூக்க வேண்டும். "இந்த வருசம் நீங்க உக்காருங்க பாவா" என்று சொல்வதும், "எங்க பொண்ண எங்க வூட்ல கொண்ணாந்து வுட்டுடுங்க" என்று சொல்வதும் ஒன்றுதான்.

பாவாவின் இடது காலுக்கு என்ன ஆயிற்று என்பது ஒருத்தருக்கும் தெரியாது. அம்மையார்குப்பத்தில் தறிக்குழியில் வழுக்கி விழுந்தார் என்று ஒரு பேச்சு. லுங்கி மூட்டையோடு வண்டியிலிருந்து குதித்தார் என்று ஒரு பேச்சு. மாடு உதைத்தது என்று மூன்றாவது பேச்சு. துளசிங்கம் சந்தையில் தங்கையை ஓரமாக நிறுத்திக் கேட்டுப் பார்த்தான்.

"என்னைக் கேக்காதண்ணா," என்றாள் அம்சா. "மூச்சு வுடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு. திருவிழா முடியட்டும்."

பாவாவோ மகா மானஸ்தர். தான் நொண்டுவதைத் தெருவில் ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்று, எல்லாருக்கும் முந்திக் களத்துக்கு வந்து ஒரு கல்லின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். எல்லாரும் போனபிறகுதான் எழுந்து போவார். தண்டுக்கு அடியில் மட்டும்தான் அவர் நடந்து மற்றவர்கள் பார்க்க முடியும். அங்கேயும் யாராவது குனிந்தால், "என்னா, எல்லாரும் என் காலையே பாக்கறீங்க?" என்று கேட்டுவிடுவார்.

"உங்க செருப்பு நல்லாக்குதேன்னு பாத்தேங்க," என்றான் ஒருநாள் துரைக்கண்ணு.

பாவா காலில் செருப்பே இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரமாக இருந்தால் துளசிங்கம் ஏன் சோறு தண்ணி இல்லாமல் இருக்கிறான்? போன வருஷ ஊர்கோலத்தில் துரைக்கண்ணு ஒரு தேங்காய்ச் சில்லை மிதித்து, பல்லக்கு சாய்ந்து, அம்மனின் கிரீடம் கழன்று, நேராகக் கீழ்த்தெரு வீராசாமியின் கையில் போய் விழுந்தது. அம்மனே தன்னைத் தேடி வந்துவிட்டதாக அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான். "தண்டு இனிமே எங்க தெருவுக்கு வரணும்" என்று பஞ்சாயத்து வைத்தான். ஊர்ப் பெரியதனக்காரர் யோசித்து, துளசிங்கத்துக்கு ஒரு வருஷம் தவணை கொடுத்தார். இந்தத் திருவிழாவில் பல்லக்கு ஒரே ஒரு தரம் சாய்ந்தாலும் தண்டு கீழ்த்தெருவுக்குப் போய்விடும். துளசிங்கத்தின் நைனா தூக்கிய தண்டு, அவருடைய நைனா தூக்கிய தண்டு. அது தன் காலத்தில் கைமாறிப் போனால் நந்தியாற்றில் தண்ணி இருக்கிற நாளாகப் பார்த்து விழ வேண்டியதுதான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

யுத்தம் வேறு. மண்ணெண்ணெய்க்கு ரேஷன். தீவட்டிக்கு எண்ணெய் கிடைக்காததால், ராத்திரி ஊர்கோலத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றியிருந்தார்கள். இருட்டாக இருந்தாலாவது ஒரு சாய்வு, ஒரு தடுமாற்றம் மறைந்துபோகும். இப்போது நல்ல வெளிச்சத்தில் ஊரே ஒவ்வொரு அடியையும் எண்ணிப் பார்க்கப் போகிறது.

முதலில் துளசிங்கம் ஒரு பட்டுத் துணியை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். "பாவா, உங்க தோளுக்கு. மாப்பிள்ளை மரியாதை" என்று சொல்லி அவர் தோளில் வைத்தான். இடது கால் தாழும்போது துணி ஈடு கட்டும் என்பது அவன் கணக்கு.

ஈடு கட்டியது. ஆனால் வலது காலை ஊன்றும்போது பாவாவின் தோள் எல்லார் தோளுக்கும் மேலே போய்விட்டது. கல் முன்பக்கமாகப் பாய்ந்து, ராஜவேலுவின் முதுகை உரசிக்கொண்டு இறங்கியது.

"பின்னால வுயுந்துகினு இருந்ததை முன்னால வுயற மாதிரி பண்ணிட்டே," என்றான் ராஜவேலு, முதுகைத் தடவிக்கொண்டு. "உன் மரியாதையில என் முதுகுத் தோலு போச்சு."

அடுத்து துளசிங்கம் தேசப்பனைத் தனியாகப் பிடித்தான். "பாவா கால் எப்பிடிப் போவுதோ அப்பிடியே பம்பையை அடி. நாங்க மூணு பேரு அதைக் கேட்டு நடந்துக்கறோம்."

தேசப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்பா, எங்க நைனா காலத்துலேர்ந்து அடிக்கறோம். பம்பையில நொண்டின்னு ஒரு அடி இருக்குதா?"

"இல்லன்னா கண்டுபுடி."

"அவுரு காலு ஒரே மாதிரியா நொண்டுது? ஒரு வாட்டி நீட்டி வைக்கறாரு. ஒரு வாட்டி சின்னதா ஒரு குதி. ஒரு வாட்டி அப்பிடியே நின்னு மூச்சு வாங்கறாரு. இதுக்கு எந்தக் கணக்குல அடிக்கறது?"

இருந்தாலும் அம்மன் காரியமாயிற்றே என்று அடித்தான். பாவாவின் காலையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான். அவர் கால் நின்றதைப் பார்த்து இவன் கை நிற்பதற்குள் அவர் அடுத்த அடிக்குப் போய்விட்டார். பம்பையைக் கேட்டு மூன்று பேர் நின்றார்கள், பாவா நடந்தார். பாவா நின்றார், மூன்று பேர் குதித்தார்கள். பல்லக்கு ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்துத் திரும்பி, நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வைக்கோல் போருக்குள் புகுந்தது.

வைக்கோலுக்குள்ளிருந்து பாவாவின் தலை வெளியே வந்தது. "தேசப்பா, உனுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று அன்போடு கேட்டார்.

தேசப்பன் பம்பையைத் தரையில் வைத்துவிட்டு, கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

அன்று துளசிங்கத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் ஆற்றோரத்து நிலத்தில் ஏர் பூட்டப் போனான். இடத்து மாட்டுக்கு லாடம் கழன்று இரண்டு நாளாகிறது. தாங்கித் தாங்கி நடந்தது. அதை மறந்து அவன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். நாலு சால் போனபிறகுதான் கவனித்தான். நுகத்தடி கோணவே இல்லை. வலத்து மாடும் தாங்கித் தாங்கித்தான் நடந்தது. இது நின்றால் அது நின்றது. இது தள்ளி வைத்தால் அது தள்ளி வைத்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கழுத்திலேயே தெரிந்துகொண்டு நடந்தது.

துளசிங்கம் ஏரை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினான்.

"மாட்டுக்குத் தெரிஞ்சது நம்ப மூணு பேருக்குத் தெரியலியே!" என்று ராஜவேலுவையும் துரைக்கண்ணுவையும் பிடித்துக் குலுக்கினான். "பாவா காலை நம்பளால நிமுத்த முடியாது. நம்ப காலை நொண்டியாக்க முடியுமா முடியாதா?"

இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கற காலை ஏம்பா..." என்றான் துரைக்கண்ணு.

"தேங்காய்ச் சில்லை மிதிச்சவன் நீதானே?"

துரைக்கண்ணு அப்போதே நொண்டிக் காட்டினான்.

நொண்டுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் முயன்று பார்க்கட்டும். சும்மா நொண்டினால் போதாது. பாவா நொண்டுகிறபடி நொண்ட வேண்டும். காதும் உதவாது, கண்ணும் உதவாது. தண்டு தோளில் அழுத்துகிற அழுத்தத்தில், இதோ சின்னக் குதி வரப் போகிறது, இதோ மூச்சு வாங்க நிற்கப் போகிறார் என்று தெரிந்துகொண்டு நாலு காலும் ஒரு காலாக இறங்க வேண்டும். துளசிங்கம் மாட்டுக்கொட்டாய்ப் பின்னால் விடியவிடிய நடந்து பழகினான்.

அவன் பெண்சாதி தாயாரம்மாள் சாணி அள்ள வந்தவள் பார்த்துவிட்டாள். கூடை கையிலிருந்து நழுவியது.

"என்னா ஆச்சு உனுக்கு? காலு என்னா இப்பிடிப் போவுது?"

விஷயத்தைச் சொன்னால் இவள் அம்சாவிடம் சொல்வாள், அம்சா பாவாவிடம் சொல்வாள், அப்புறம் விபரீதம்தான். "முள்ளு" என்றான் துளசிங்கம்.

"எங்கே, காட்டு."

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டா ஏன் நொண்டற?"

அவன் திரும்பி மாட்டைத் தட்டிக்கொடுத்தான். தாயாரம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலத்துக்குள் துளசிங்கத்துக்குக் கால் போய்விட்டது என்று நாலு தெருவுக்கும் தெரிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் ராஜவேலு கடைத்தெருவில் நொண்டிக்கொண்டு போனான். துரைக்கண்ணு தாலுக்கா ஆபீஸ் வாசலில் நொண்டினான். துளசிங்கத்தின் தெருத் தண்ணியில்தான் என்னவோ இருக்கிறது என்று அங்கே குடிதண்ணிக்கு வந்தவர்கள் வேறு கிணற்றுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

கீழ்த்தெரு வீராசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேராகப் பெரியதனக்காரரிடம் போனான்.

"தண்டு தூக்கறதுல மூணு பேரு நொண்டிங்க. நாலாவது ஆளு களத்துல கல்லு மேல உக்காந்துகினே கீறாரு, எழுந்தாத்தான் தெரியும். அம்மனை எங்களாண்ட குடுத்துடுங்க."

பெரியதனக்காரர் துளசிங்கத்தைக் கூப்பிட்டனுப்பினார். அவன் நொண்டாமல் போக வேண்டும் என்று நினைத்து நினைத்து, நொண்டிக்கொண்டே போய் நின்றான்.

"ஏமய்யா துளசிங்கம், முடியுமா?"

"முடியுங்க."

"ஒரு தரம் சாஞ்சாலும்..."

"தெரியுங்க. சாயாதுங்க."

சொல்லிவிட்டு வந்தானே தவிர, வழியெல்லாம் அம்மனுக்கு வேண்டுதல் மேல் வேண்டுதலாக வைத்துக்கொண்டு போனான்.

ஆனால் அன்று களத்தில் ஓர் அதிசயம் நடந்தது. நாலு பேரும் தாங்கித் தாங்கி நடந்தார்கள். பல்லக்கு ஒரு பக்கமாகச் சாயாமல் மொத்தமாக இறங்கி மொத்தமாக எழுந்தது. களத்தை முழுக்கச் சுற்றி வந்து இறக்கியபோது அம்மிக்கல் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. ராஜவேலு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாவா தன் வழக்கமான கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு முன்னால் நின்ற மூன்று பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாலைந்து நாள் நன்றாகப் போனது. அப்புறம் ஒருநாள் திடீரென்று கல் உருண்டது. துளசிங்கத்துக்குத் தோளிலேயே தெரிந்தது. பின் இடது தண்டு பாதிச் சுற்றில் என்னவோ வேறு மாதிரி வந்தது. திரும்பிப் பார்த்தான். பாவா நின்ற இடத்தில் நின்று, துளசிங்கத்தின் காலை, ராஜவேலுவின் காலை, துரைக்கண்ணுவின் காலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணி கட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்க மச்சான். என் தப்புதான்," என்றார்.

பாவா வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையைத் துளசிங்கம் அதுவரை கேட்டதில்லை. பதறிப்போய்விட்டான். "ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்க பாவா! கல்லு... கல்லுதான்!"

பாவம், வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று வீடு திரும்புகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். ஆனால் மறுநாளிலிருந்து பாவா நடந்த நடை இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. துளசிங்கம் தோளை அசைப்பதற்குள் அவர் அசைந்தார். அம்மிக்கல்லின் மேல் ஒரு செம்புத் தண்ணி வைத்தார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. அம்மனுக்கு மஞ்சள் சேலை, எலுமிச்சம்பழ மாலை, வேப்பிலை, போன வருஷம் விழுந்த அதே கிரீடம். ஊரை ஒட்டிய மலைக் கோயிலுக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள்கூட அடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீராசாமி கடைத்தெரு முனையில் தன் ஆட்கள் நாலு பேரைத் தோளில் எண்ணெய் தடவித் தயாராக நிறுத்தியிருந்தான். பல்லக்கு சாய்ந்த நிமிஷமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டளை.

"தாயே, இந்த ஒரு நாளு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு துளசிங்கம் தோள் கொடுத்தான். தேசப்பன் பம்பையைத் தட்டினான். முதல் அடி இறங்கியது.

அம்மன் இறங்கி எழுந்தாள். இன்னொரு அடி. ஒரு சின்னக் குதி. மாலை ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. இது என்ன நடை என்று கூட்டத்தில் ஒருத்தருக்கும் புரியவில்லை. வீராசாமி மட்டும், "பாத்தீங்களா, பாத்தீங்களா, நொண்டறானுங்க" என்று பக்கத்தில் இருந்தவன் விலாவில் இடித்துக்கொண்டிருந்தான்.

கடைத்தெரு முனையில்தான் வந்தது வினை. பொதட்டூர்பேட்டைக் கரி பஸ் திருப்பத்தில் திடீரென்று தலையை நீட்டியது. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரிப்புகையில் ஓடுகிற வண்டி. அது ஒழுங்காகச் சத்தம் போட்டதாகச் சரித்திரம் இல்லை. டப் என்றது, சும்மா இருந்தது, டப் டப் என்றது, பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு பெரிய சத்தம் போட்டது. தேசப்பன் பம்பையோடு சாக்கடைக்குள் பாய்ந்தான். பம்பை நின்றுபோனது. முன்னால் பஸ், பக்கத்தில் சாக்கடை, நடுவில் தோளில் அம்மன்.

துளசிங்கத்துக்கு யோசிக்க நேரமில்லை. தண்டு அழுத்தியது, அவன் கால் போனது. யார் முதலில் அசைந்தார்கள் என்று கேட்டால் நாலு பேருக்கும் தெரியாது. பல்லக்கு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது, பக்கவாட்டில் ஒரு குதி குதித்தது, சாக்கடையைத் தாண்டியது, பஸ் போனபிறகு மறுபடியும் ஒரு குதியில் நடுத்தெருவுக்கு வந்தது. கிரீடம் இருந்த இடத்தில் இருந்தது. நாலு பேரும் நிற்கவே இல்லை. பம்பையும் இல்லாமல், தாங்கித் தாங்கி, இறங்கி எழுந்து, நின்று, குதித்து, அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அம்மன் ஆடறாடீ!" என்று ஒரு பெண்பிள்ளை அலறினாள்.

அவ்வளவுதான். தெரு முழுக்கக் குலவைச் சத்தம். கற்பூரத் தட்டோடு பெண்கள் ஓடிவந்தார்கள். மலையேறப் போனவர்கள் படியிலிருந்து திரும்பி இறங்கி வந்தார்கள். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கிக் கும்பிட்டார்கள். டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுக் கூடவே நடந்தான். வீராசாமியின் கை அவனைக் கேட்காமலே தலைக்கு மேல் போய்க் குவிந்தது. "தாயே, தாயே" என்று அவன் அழுதான். எண்ணெய் தடவிய நாலு பேரும் கூடவே அழுதார்கள்.

துளசிங்கத்துக்கும் கண்ணை மறைத்தது. துடைக்கக் கை இல்லை. சிரித்துக்கொண்டே அழுதான்.

கோயில் வாசலில் பல்லக்கை இறக்கியபோது பெரியதனக்காரர் தன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார். "எத்தனையோ வருசமா பாக்கறேன்," என்றார். "அம்மன் போறதைப் பாத்திருக்கேன். ஆடிகினு போறதை இப்பத்தான் பாக்கறேன். இனிமே வருசா வருசம் இதே நடைதான். வீராசாமி, உங்க ஆளுங்களால இந்த நடை ஆவுமா?"

வீராசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் ஆவாது? டேய், நடங்கடா!"

நாலு பேரும் பல்லக்கு இல்லாமலேயே வரிசையில் நின்று நடந்து காட்டினார்கள். ஒருத்தன் குதித்தான், ஒருத்தன் நின்றான், மூன்றாமவன் நின்றவன் காலை மிதித்தான், நாலாமவன் மேலே எல்லாரும் விழுந்தார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வீராசாமியும் கடைசியில் சிரித்துவிட்டான்.

"தண்டு துளசிங்கத்துது," என்றார் பெரியதனக்காரர். "அவன் காலத்துக்கும், அவன் புள்ளைங்க காலத்துக்கும்." அம்மன் மேல் சாத்தியிருந்த துணியை எடுத்து அவன் தலையில் கட்டினார். துளசிங்கம் அதை அவிழ்த்து, பாவா தலையில் கட்டி, அவர் காலில் விழப் போனான். பாவா பதறி அவனைப் பாதியிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ குனியாத மச்சான், நீ குனியாத," என்றார்.

வீட்டில் கூழும் கருவாட்டுக் குழம்பும் தயாராக இருந்தன. முதல் இலை பாவாவுக்கு. தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. தாயாரம்மாள், "அம்மனே வந்து ஆடின வூடு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். துளசிங்கத்துக்குப் பூரிப்பில் சோறு இறங்கவில்லை. இத்தனை பெருமையும் யாரால்? அந்த மனுஷன் அத்தனை வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாரே, அவரால். அதை இனியும் மனசுக்குள் வைத்திருக்க அவனால் முடியவில்லை. கைகழுவக் கொல்லைக்கு வந்தவன், அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்சாவிடம் போய்க் கிசுகிசுத்தான்.

"அம்சா, திருவிழாதான் முடிஞ்சுதே, இனிமே சொல்லலாம். ராவிக்கு பாவா காலுக்கு நல்லெண்ணெ காச்சித் தேச்சு வுடு. எத்தினி நோவு பட்டாரோ, நாங்களும் அவரு காலுக்குத் தக்கன நொண்டிகினு நடந்தோம்."

அம்சா கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். அண்ணனின் காலைப் பார்த்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"அவரு காலு சரியாயி எத்தினி நாளாவுதுண்ணா! 'உங்கண்ணனுக்குத்தான் காலு போயிட்டுக்குது, மானஸ்தன் வாயத் தொறந்து சொல்லமாட்டேங்கறாரு, அந்த ரெண்டு பேரு மாதிரி நாம்பளும் கண்டுக்காம கூடவே நொண்டிக் குடுக்கணும்'னு தெனம் எங்க கொல்லையில அழுதுகினே நொண்டிப் பழகினாரு!"